மேடை, ரிவி, சினிமா: யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு நடிப்பை நம்பிச் சீவிக்க ஏலுமோ?

மாவிட்டபுரத்தான் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். ஏ.எல்லுக்கு நாடகமும் அரங்கியலும் எடுத்து, இப்ப கம்பஸில கடைசி வருசம். வீட்டில கேட்கிற கேள்வி ஒண்டுதான்: "உதில சீவிக்கலாமோ?" அதுக்கு என்னட்டை ஒழுங்கான பதில் இல்லை. கனபேர் சொல்லுற கணக்கு என்னெண்டால், முதல் மேடை, பிறகு ரிவி, பிறகு சினிமா, ஏணியில ஏறுற மாதிரி. அது உண்மையோ? யாழ்ப்பாணத்திலயே இருந்து என்னென்ன வழியில உழைக்கலாம்? மேடையில பழகின உடம்பை வைச்சுக்கொண்டு கமராவுக்கு முன்னால போனால் எது பிழைக்கும்? ஓடிஷனுக்கு வீடியோ அனுப்பச் சொல்லுகினம், அதை எப்பிடி எடுக்கிறது? "முயற்சி செய் தம்பி, வெல்லுவாய்" எண்டு எழுதாமல், தெரிஞ்சவை விளக்கமாச் சொல்லுங்கோ.

களரிமுற்றம் எழுதியது:

தம்பி, ஏணிக் கதையை முதல்ல மறவுங்கோ. தமிழ்நாட்டில ஒரு காலத்தில அது பாதி உண்மை. சின்ன வயதிலயே நாடகக் கொம்பனியில சேர்ந்து வளர்ந்த சிவாஜி கணேசன் 1952இல பராசக்தியோட படத்துக்கு வந்தார். ஆனால் நாகேஷ் ரெயில்வேயில கிளார்க்கா இருந்தவர். விஜய் சேதுபதி சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறைக்குள்ள கணக்குப் பார்க்கிற ஆளாய்ப் போனவர். 2010இல கதாநாயகனாக முதல், புதுப்பேட்டை மாதிரிப் படங்களில ஆள் தெரியாத துண்டு வேஷங்கள்தான். சிவகார்த்திகேயன் ரிவி நகைச்சுவைப் போட்டியில இருந்து வந்தவர். எங்கட பக்கத்தைப் பார்த்தால், 2015இல கான் விழாவில தங்கப் பனை வாங்கின தீபன் படத்தில நடிச்ச சோபாசக்தி நாவல் எழுதினவர். அதே படத்தில அவருக்குச் சோடியா நடிச்ச காளீஸ்வரி சீனிவாசன் சென்னை மேடையில இருந்து வந்தவ. ஒரே படம், ரெண்டு பாதை. லாஸ்லியா இலங்கைத் தொலைக்காட்சியில செய்தி வாசிச்சவ, 2019இல பிக் பாஸ், 2021இல படம். ஜனனிக்கும் பிக் பாஸுக்குப் பிறகுதான் 2023இல லியோ படம். இதுக்குள்ள எங்க ஏணி?

யாழ்ப்பாணத்தில நடிக்கிற ஆக்களைப் பிடிச்சு நிப்பாட்டி வைச்சிருக்கிறது மாதச் சம்பளம் தாற இன்னொரு வேலை. அதை வெக்கமா நினைக்க வேண்டாம். 1978இல நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கின குழந்தை ம. சண்முகலிங்கம் ஆசிரியர்தான். நாடகமும் அரங்கியலும் ஓ.எல், ஏ.எல் ரெண்டிலயும் பாடமா இருக்கிறதால பட்டதாரிக்கு ஆசிரியர் வேலைக்கு வழி இருக்கு. பிரதேச செயலகங்களில கலாசார உத்தியோகத்தர் பதவிகளும் இருக்கு. நியமனம் வாறது வருசக் கணக்கில இழுபடும். அதுவரைக்கும் ரியூசன், பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ்த்தினப் போட்டி நாடகம் பழக்கிறது, கலியாணவீடு விழாக்களுக்கு அறிவிப்பு. போட்டி நாடகம் பழக்கப் போனால், எத்தினை நாள் பழக்கிறது, வலய மட்டத்தில வெண்டு மாகாணத்துக்குப் போனால் மேலதிக நாளுக்கு எவ்வளவு எண்டு முதல் நாளே பேசுங்கோ. பிறகு கேட்டால் "எங்கட பிள்ளையளுக்குத்தானே மாஸ்ரர்" எண்டு கதை முடியும்.

அடுத்தது வீதி நாடகம், விழிப்புணர்வு நாடகம். டெங்கு, போதைப்பொருள், சிறுவர் துஷ்பிரயோகம் எண்டு திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் கேட்பினம். இதில பிழைக்கிற இடம் விலை சொல்லுறது. "ஒரு ஆற்றுகைக்கு எவ்வளவு?" எண்டு கேட்பினம், நீங்களும் ஒரு தொகையைச் சொல்லிப் போடுவியள். பிறகு ஒத்திகை நாள் எல்லாம் சும்மா போகும். இப்பிடிப் பிரிச்சு எழுதுங்கோ: நடிகர் 6 பேர், ஒத்திகை 5 நாள், ஆற்றுகை 12, வான், சாப்பாடு, பிரதி எழுதினவருக்கு, பறை அல்லது மேளம் அடிக்கிறவருக்கு, உடுப்பு. ஒத்திகை நாளுக்குக் குறைஞ்சது ஆற்றுகை நாளில அரைவாசிச் சம்பளம். ஒரு நாளில ரெண்டு ஊருக்கு மேல ஒப்புக்கொள்ளாதேங்கோ. திறந்த வெளியில மைக் இல்லாமல் 35 நிமிசம் கத்தினால் மூண்டாவது ஊரில தொண்டை கட்டிப்போடும், அடுத்த நாள் ஆற்றுகையும் போகும்.

கூத்தும் இசை நாடகமும் வேற உலகம். நடிகமணி வி. வி. வைரமுத்துவின்ரை மயான காண்டத்தை விடிய விடிய இருந்து பார்த்த சனம் இது. பாசையூர், குருநகர்ப் பக்கம் தென்மோடிக் கூத்து இருக்கு, கோயில் வழிய காத்தவராயன் கூத்து இருக்கு. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் ஒருவரிட்டை ஒரு வருசமெண்டாலும் நிண்டு பழகுங்கோ. காசுக்காகச் சொல்லேல்லை. ஆடிக்கொண்டு பாடுற மூச்சும், சுருதியில நிண்டு வசனம் சொல்லுறதும் கம்பஸ் வகுப்பில அந்த அளவுக்கு வராது. திருமறைக் கலாமன்றம் 1965இல இருந்து இயங்குது. மட்டக்களப்புப் பக்கம் போக விருப்பமெண்டால் கல்லடி விபுலாநந்த அழகியல் நிறுவகத்து ஆக்களோட தொடர்பு வைச்சிருக்கலாம், அங்க வடமோடிக் கூத்து பலம்.

மூண்டாவது ஷொட் எழுதியது:

களரிமுற்றம் ஐயா சொன்னதில எனக்கு ஒரு இடம் ஒத்துவராது. கூத்துப் பழகின பெடியளைக் கமராவுக்கு முன்னால நிப்பாட்டினால் முதல் பத்து நாளும் தோள்தான் நடிக்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் முதல், கூத்தில மேடைக்கு வாற மாதிரி ஒரு சின்ன "வரவு" எடுப்பினம், நெஞ்சு நிமிரும், மூச்சு இழுபடும். கிட்டத்து ஷொட்டில அது மலை அசையிற மாதிரித் தெரியும். பழகாதேங்கோ எண்டு சொல்லேல்லை, கழட்டி வைக்கவும் பழகோணும்.

எது பிழைக்கும் எண்டு கேட்டியள். முதலாவது, குரல். மேடையில கடைசி வரிசைக்குப் பேசுறியள். கமராவில உங்களுக்கு முன்னால மூண்டு அடியில நிக்கிற ஆளுக்குப் பேசினால் காணும், நெஞ்சில ஒட்டின மைக் மிச்சத்தைப் பார்க்கும். ரெண்டாவது, கண். மேடையில கண்ணை அங்க இங்க எறிஞ்சாத்தான் பின்னுக்கு இருக்கிறவருக்குத் தெரியும். முகம் மட்டும் நிரம்பின ஷொட்டில கண் ஆடினால் பொய் சொல்லுற ஆள் மாதிரி இருக்கும். எதிரில நிக்கிற ஆளின்ரை ரெண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்க்காமல், கமராவுக்குக் கிட்ட இருக்கிற ஒரு கண்ணை மட்டும் பிடியுங்கோ. உங்கட பார்வை அசையாது, முகமும் கமராப் பக்கம் திறந்து இருக்கும்.

மூண்டாவதுதான் கனபேரை விழுத்துறது: தொடர்ச்சி. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பேசுற ஒரு காட்சி எண்டு வையுங்கோ. முதல் முழுக்காட்சியும் தூரத்தில இருந்து எடுப்பினம். பிறகு உங்கட கிட்டத்து ஷொட், பிறகு மற்றவரின்ரை, பிறகு கை மட்டும். "அம்மா வரேல்லையே?" எண்ட வசனத்தில "அம்மா" எண்ட சொல்லில கோப்பையைத் தூக்கினால், நாலு ஷொட்டிலயும், திரும்பத் திரும்ப எடுக்கிற எட்டு ரேக்கிலயும் அதே சொல்லில, அதே கையால, அதே உயரத்துக்குத் தூக்கோணும். ஒருக்கா "வரேல்லையே" எண்ட இடத்தில தூக்கினால் எடிற்றருக்கு வெட்ட இடம் இல்லை. நீங்கள் எவ்வளவு அழுதிருந்தாலும் அந்த ரேக் குப்பைக்குள்ள. அதால ஒத்திகையிலயே கைவேலையைக் குறையுங்கோ. முழுக்கோப்பை தேத்தண்ணியை முதல் ரேக்கில குடிச்சு முடிச்சுப் போட்டு முழிக்கிற புது ஆக்கள் கனபேர். உதட்டில வைச்சு எடுத்தால் காணும்.

ரிவி நாடகத்தில அவகாசம் இன்னும் குறைவு. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடாவது முடிக்கப் பார்ப்பினம், வசனம் சிலவேளை காலமைதான் கையில வரும். பக்கத்தை ஒருக்கா வாசிச்சுப் போட்டுக் கருத்தோட பிடிக்கிற பழக்கம் வேணும். வீட்டில தினம் ஒரு பத்திரிகைச் செய்தியை எடுத்து, மூண்டு தரம் வாசிச்சு, பார்க்காமல் சொல்லிப் பழகுங்கோ. ரெண்டு மாதத்தில வித்தியாசம் தெரியும். படத்தில நேரம் இருக்கு, ஆனால் கதை ஒழுங்கில எடுக்கமாட்டினம். செத்துப்போற காட்சி முதல் நாள், காதலிக்கிற காட்சி பதினைஞ்சாம் நாள். ஸ்கிரிப்ற்றில ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில "இதுக்கு முதல் எனக்கு என்ன நடந்தது" எண்டு ஒரு வரி எழுதி வைக்காட்டில் பிசகும்.

இன்னொண்டு. சிங்களம் படியுங்கோ. ஆருக்கும் பிடிக்காத அறிவுரை, ஆனால் இந்த நாட்டில வருசம் முழுக்கக் கமரா ஓடுறது கொழும்பிலதான். தர்ஷன் தர்மராஜ் 2022இல சாகும் வரைக்கும் சிங்களத் தொலைக்காட்சியிலயும் படத்திலயும் நிண்டு நடிச்சவர். 2012இல யாழ்ப்பாணத்தில எடுத்த "இனி அவன்" தமிழ்ப் படத்தில அவர்தான் நாயகன். நிரஞ்சனி சண்முகராஜாவும் ரெண்டு மொழியிலயும் நடிக்கிறவ. முதல்ல வாறது "தமிழ் ஆள்" வேஷமாத்தான் இருக்கும், பொட்டும் வேட்டியுமா. அதுக்குள்ளயும் ஆளை வடிவா வரைஞ்சு காட்டினால் அடுத்தது வேற மாதிரி வரும்.

இப்ப ஓடிஷன் வீடியோ. போனைப் படுக்கையா வையுங்கோ. லென்ஸ் உங்கட கண் மட்டத்தில இருக்கோணும். ஸ்ராண்ட் இல்லாட்டில் மேசையில புத்தகங்களை அடுக்கி உயர்த்தலாம். பின்பக்கக் கமராவைப் பாவியுங்கோ, செல்பிக் கமரா வேண்டாம். தூரம் ஒண்டரை மீற்றர், நெஞ்சில இருந்து தலைக்கு மேல நாலு விரல் வரைக்கும் படம். வெளிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்து கொஞ்சம் பக்கவாட்டா நில்லுங்கோ. ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் கரி. காலமை எட்டில இருந்து பத்து மணிக்குள்ள வெளிச்சம் மெதுவா இருக்கும், மத்தியானம் கண்ணுக்குக் கீழ நிழல் விழும். பின்னால வெறும் சுவர், சாமிப்படமும் கலண்டரும் வேண்டாம். சட்டை ஒரே நிறம். மெல்லிய கோடு போட்டது வீடியோவில நெளியும், தூய வெள்ளை முகத்தை இருட்டாக்கும். காத்தாடியை நிப்பாட்டுங்கோ. கோயில் லவுட்ஸ்பீக்கர் பாடுற நேரத்தை விடுங்கோ, திருவிழாக் காலமெண்டால் சொந்தக்காரர் வீட்டைதான் போக வேண்டி வரும்.

முதல் ஒரு சின்னத் துண்டு: பேர், வயது, உயரம், இருக்கிற ஊர், பேசுற மொழிகள், பிறகு ரெண்டு பக்கமும் திரும்பி முகம் காட்டுறது. இது 15 செக்கன். பிறகு காட்சி. லென்ஸைப் பார்க்காதேங்கோ. எதிர்வசனம் வாசிக்கிற ஆளை லென்ஸுக்கு ஒட்டினபடி, அதே உயரத்தில நிப்பாட்டி அவரைப் பாருங்கோ. அவர் மெதுவா, உணர்ச்சி குறைச்சு வாசிக்கோணும், இல்லாட்டில் மைக்குக்குக் கிட்ட நிக்கிற அவர்தான் நடிச்ச மாதிரி இருக்கும். ரெண்டு ரேக் அனுப்புங்கோ, ரெண்டும் வேற வேற மாதிரி: ஒண்டு கோவம், மற்றது அதே கோவத்தை அடக்கினது. ஒரே மாதிரி ரெண்டு அனுப்பினால் ரெண்டாவதை ஒருத்தரும் பார்க்கமாட்டினம். வாட்ஸப்பில சும்மா வீடியோவா அனுப்பினால் நசிஞ்சு போகும். டொக்கியுமெண்டா அனுப்புங்கோ, அல்லது டிரைவ் லிங்க் குடுத்து, அதை ஆரும் திறக்கலாம் எண்டு மாத்தி விடுங்கோ. பூட்டின லிங்க் அனுப்பிப் போட்டுப் பதில் வரேல்லை எண்டு இருக்கிற ஆக்கள் ஏராளம்.

ஒலிச்சாவடி எழுதியது:

குரல் குடுத்து உழைக்கிறதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. முகத்துக்கு வேலை வாறதுக்கு முதல் குரலுக்கு வரும். எம். எஸ். பாஸ்கர் டப்பிங்கில நிண்டு பிறகு முகம் தெரிஞ்ச நடிகர். எங்கட நாட்டில விளம்பரங்கள் மூண்டு மொழியிலயும் போகிறதால தமிழ்க் குரலுக்குத் தேவை இருக்கு, பெரும்பாலும் கொழும்பில. சாம்பிள் ஒண்டரை நிமிசத்துக்கு மேல வேண்டாம். 10, 15 செக்கன் துண்டுகளா ஆறு போடுங்கோ: சோப்பு விளம்பரம், வங்கி அறிவித்தல், கிழவர், சண்டை பிடிக்கிற ஆள், கதை சொல்லுற குரல், செய்தி. முதல் துண்டு உங்கட சொந்தக் குரலா இருக்கோணும். கேட்கிறவர் அதுக்குப் பிறகு கேட்கிறாரோ தெரியாது.

வீட்டில பதியிறதுக்கு உடுப்பு நிரம்பின அலுமாரியைத் திறந்து வைச்சு அதுக்கு முன்னால நில்லுங்கோ, பின்னால ஒரு மெத்தை. ஓட்டுக் கூரையும் சிமெந்து நிலமும் எதிரொலிக்கும். மைக்கில இருந்து ஒரு சாண் தூரம், நேர முன்னால நிக்காமல் கொஞ்சம் சரிச்சு. "ப" வாற இடத்தில காத்து அடிக்காது. ஒலி அளவு காட்டுற மீற்றரில உச்சம் கழித்தல் 6 டெசிபெல்லைத் தாண்டாமல், சாதாரணப் பேச்சு கழித்தல் 12 சுத்தி நிக்கிற மாதிரி பதியுங்கோ. வீடியோவுக்கு எண்டால் 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் பைல், சாம்பிள் அனுப்ப எம்பி3 காணும்.

வேற மொழிப் படத்துக்கு டப்பிங் பேசேக்க, வாய்க்குப் பொருத்துறதில ஒரு கணக்கு. சிங்களமும் இந்தியும் எங்கட மாதிரி வினைச்சொல்லைக் கடைசியில வைக்கிற மொழிகள், அதால வசனம் ஓரளவு தன்பாட்டில உக்காரும். ஆங்கிலத்தில வினை நடுவில வாறதால, நடிகர் கையை ஓங்குற இடத்தில எங்கட சொல் வராது, பிரதியை மாத்தத்தான் வேணும். உதடு மூடுற ப, ம ரெண்டையும் மட்டும் முதல் பிடியுங்கோ. உதடு மூடுற இடத்தில "என்ன" வந்தால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், மற்ற எழுத்துகள் தப்பிப்போகும். வசனம் முடியிற உயிரெழுத்தும் முக்கியம்: வாய் திறந்தபடி முடிஞ்சால் "வா", "போனா" மாதிரி ஆகாரத்தில முடியிற சொல்.

சென்னைப் பக்கம் போறதெண்டால் ரெண்டு பேச்சு வேணும். எங்கட "ற்ற" வேற, அங்கத்த "ற்ற" வேற. "வெற்றி" எண்டு ஒருக்கா சொன்னாலே பிடிபடும். அங்க கனக்கப் படங்களுக்குப் பிறகுதான் டப்பிங். உங்கட பேச்சு ஒத்துவரேல்லை எண்டால் வேற ஆளை வைச்சுப் பேசிப்போடுவினம், திரையில முகம் மட்டும் உங்கடை. "என் பாத்திரத்துக்கு நானே குரல்" எண்டு ஒரு வரி ஒப்பந்தத்தில கேளுங்கோ. மற்றப்பக்கம், இலங்கைத் தமிழ் பேசுற பாத்திரம் எண்டு கூப்பிட்டால் பிரதியை வாங்கிப் பாருங்கோ. "கதைக்கிறன்" எண்ட ஒரு சொல்லைப் போட்டுட்டு மிச்சம் எல்லாம் மதுரைத் தமிழா எழுதியிருப்பினம். திருத்தித் தாறன் எண்டு கேட்டு, அந்த வேலைக்கும் தனியாக் காசு கேளுங்கோ.

மாவிட்டபுரத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தேத்தண்ணிக் கதை இவ்வளவு இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும். ரெண்டு கேள்வி. காசு கேட்கிற முறை என்ன, முன்னுக்கோ பின்னுக்கோ? தங்கச்சிக்கும் ஒரு இடத்தில இருந்து ஓடிஷன் எண்டு மெசேஜ் வந்திருக்கு, பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லுகினம். சரியான இடமோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பனங்கட்டி எழுதியது:

ரெண்டாவதுக்கு முதல் பதில்: கட்டாதேங்கோ. நடிக்கிற ஆளுக்குத்தான் காசு வரோணும், ஆளிட்டை இருந்து போகக்கூடாது. "போட்டோ எடுக்க எங்கட ஸ்ரூடியோவுக்குத்தான் வரோணும்" எண்டுறதும் அதே கட்டணம்தான், வேற பேரில. தங்கச்சியை இதுகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கோ: படத்தின்ரை பேர், இயக்குநர் ஆர், அவர் முதல் செய்தது என்ன, ஓடிஷன் நடக்கிற இடம், அங்க வேற ஆர் ஆர் இருப்பினம், கூட ஒரு ஆள் வரலாமோ. உண்மையா எடுக்கிற ஆக்கள் அஞ்சு நிமிசத்தில பதில் தருவினம், கூட வாற ஆளுக்குக் கதிரையும் போடுவினம். ஹோட்டல் அறை, இரவு நேரம், "தனியாத்தான் வரோணும்" இதில ஒண்டு வந்தாலும் விடச் சொல்லுங்கோ. ஒரிஜினல் பாஸ்போட், அடையாள அட்டை ஒருத்தர் கையிலயும் குடுக்கவேண்டாம், பிரதியிலயும் குறுக்கால "இந்தப் படத்துக்கு மட்டும்" எண்டு எழுதித்தான் குடுக்கோணும்.

இந்தியாவுக்குக் கூப்பிட்டால், சுற்றுலா விசாவில போய்ச் சம்பளத்துக்கு நடிக்க ஏலாது. சரியான விசாவுக்குத் தயாரிப்புக் கொம்பனி கடிதம் தரோணும். தரத் தயங்கினால், "வந்து பாருங்கோ, பிறகு செய்வம்" எண்டால், அந்தப் படம் இன்னும் படமே இல்லை.

காசு: மூண்டு துண்டா உடையுங்கோ. கையெழுத்து வைக்கிற அண்டு ஒரு பங்கு, படப்பிடிப்பு பாதியில ஒரு பங்கு, மிச்சம் டப்பிங்குக்கு முதல். "டப்பிங் முடிஞ்ச பிறகு" எண்டு எழுதினால் மாத்தச் சொல்லுங்கோ. படம் எடுத்து முடிஞ்ச பிறகு உங்கட கையில இருக்கிற ஒரே பிடி உங்கட குரல்தான், அதையும் குடுத்துட்டால் போனுக்கும் பதில் வராது. ஒப்பந்தம் ஒரு பக்கம் காணும்: பாத்திரத்தின்ரை பேர், எத்தினை நாள், எந்தத் திகதிக்குள்ள, ஒரு நாள் எண்டால் எத்தினை மணித்தியாலம், நாள் கூடினால் எவ்வளவு, பஸ் காசும் தங்குமிடமும் ஆர், போஸ்ரரில பேர் எப்பிடி. விளம்பரமெண்டால் இன்னும் ரெண்டு வரி: எத்தினை மாதத்துக்குப் பாவிப்பினம், எதில எதில. ரேடியோவுக்கு எண்டு வாங்கின குரல் பிறகு பேஸ்புக்கில ரெண்டு வருசம் ஓடும், அதுக்கு ஒரு சதமும் வராது.

குறும்படத்துக்குக் காசு இல்லை எண்டு தெரியும். அதுக்குப் பதிலா நீங்கள் வாற காட்சிகளைத் தரமான பைலா, படம் வெளிவந்து ஒரு மாதத்துக்குள்ள தரோணும் எண்டு எழுதி வாங்குங்கோ. 2015இல இருந்து யாழ்ப்பாணத்தில சர்வதேசத் திரைப்பட விழா நடக்குது, அங்க வாற ஆக்களுக்குக் காட்ட உங்கட கையில ரெண்டு நிமிசத் துண்டு இருக்கோணும். ஹாட் டிஸ்க் பழுதாப் போச்சு எண்டு இயக்குநர் சொல்ல முதல் வாங்கி வையுங்கோ.

களரிமுற்றம் எழுதியது:

மூண்டாவது ஷொட்டுக்கு: தோள் ஆடுறது உண்மைதான், ஒத்துக்கொள்ளுறன். அதுக்கு ஒரு பயிற்சி இருக்கு தம்பி. சுவரில முதுகை ஒட்டி நில்லுங்கோ, ரெண்டு தோள்மூட்டும் சுவரில பட்டபடி. அப்பிடியே கூத்துப் பாட்டை ஆட்டம் இல்லாமல் பாடுங்கோ, பிறகு அதே வரியளை வசனமா, மெதுவாச் சொல்லுங்கோ. தோள் சுவரை விட்டு விலகின இடத்தில நிப்பாட்டித் திரும்பத் தொடங்கோணும். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம். மூச்சு வயித்துக்கு இறங்கினாத்தான் தோள் நிக்கும், அந்த வயித்து மூச்சைத் தந்ததே கூத்துத்தான்.

மூண்டாவது ஷொட் எழுதியது:

சரி ஐயா, அந்தச் சுவர்ப் பயிற்சியை நானும் எடுத்துக்கொள்ளுறன். தம்பி, அதைச் செய்யேக்க போனை முன்னால வைச்சு வீடியோவும் எடுங்கோ. பிறகு சத்தத்தை நிப்பாட்டிப் போட்டுப் படத்தை மட்டும் பாருங்கோ. என்ன பேசுறியள் எண்டு கேட்காமலே, ஆரோட என்ன பிரச்சினை எண்டு முகத்தில விளங்கினால் அந்த ரேக்கை அனுப்பலாம்.